மூன்றரை மணிக்கு நூற்று இருபத்தேழு

…பயம் என்று மகளும் மாப்பிள்ளையும்தான் சொல்கிறார்கள், அவள் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மருதாம்பாள் எதற்குப் பயந்திருக்கிறாள் இதுவரைக்கும்? சிறுத்தை வந்து பக்கத்து வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போன மறுநாளே அதே வழியில் இருட்டோடு காலை ஷிஃப்டுக்கு நடந்து போனவள், புருஷன் போன பதினேழாம் நாள் தேயிலை ஃபேக்டரிக்குள் நுழைந்து ஏப்ரனைக் கட்டியவள், அவளைப் போய் வானத்தைப் பார்த்து நடுங்குகிற பொம்பளை என்று பேசுகிறார்கள். வானமும் இல்லை, விமானமும் இல்லை, அந்த ஒரு மாடலில் ஏறமாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான், இதில் பயம் எங்கே வந்தது… இதோ இன்றைக்குக் காலையில் ஏழே முக்கால் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் குளிரில் நின்றாளே, ஏன்? அந்த வண்டி இறக்கத்தில் பிரேக் போட்டால் இடதுபக்கம் இழுக்கும். மஞ்சூரில் எல்லோருக்கும் தெரியும். அவசரமில்லாதவர்கள் யாரும் அதில் ஏறுவதில்லை, கடையில் இன்னொரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் வருவார்கள், அதற்கு யாராவது பயம் என்று பேர் வைத்தார்களா? தரையில் உருளுகிற வண்டிக்கே இத்தனை பார்க்கலாம், ஆகாயத்தில் போகிற வண்டிக்கு மட்டும் பார்க்கக் கூடாதாக்கும்.

பஸ் குந்தா பாலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அவள் இடம், மடியில் மஞ்சள் பை, பைக்குள் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டுக்குள் மடித்த டிக்கெட். வியாழக்கிழமை, கோயமுத்தூரிலிருந்து மஸ்கட். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அவர்கள் வழக்கம், ஆனால் மகள் பிரீத்தி வரமுடியாது, ஏழு மாதத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் தாய்வீடே கிளம்பிப் போக வேண்டியதாகிவிட்டது. எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் டிவியில் அந்தச் செய்தி. ஐந்து மாதத்துக்குள் இரண்டு விமானம் விழுந்துவிட்டன, இரண்டும் ஒரே மாடல், இரண்டும் புத்தம் புதுசு. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கினவாம். எந்தெந்த நாட்டிலோ ஏறமாட்டோம் என்று ஜனங்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவளுடைய டிக்கெட்டிலும் அதே எண்ணும் எழுத்தும்… பேத்தி வயதுப் பெண் ஒருத்தியைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள். உடனே மாப்பிள்ளை பிரசாத்துக்குப் போன். "அத்தை, அதெல்லாம் ஒவ்வொரு பிளேனா செக் பண்ணிட்டாங்க. பேப்பரே இருக்குதுங்க, அனுப்புறேன் பாருங்க," என்றார், நல்ல மனுஷன், குரலை உயர்த்த மாட்டார், சொன்ன மாதிரி அனுப்பியும் விட்டார். பிரீத்திதான் போனைப் பிடுங்கி, "ஊரே பறக்குது, உனக்கு மட்டும் என்னம்மா வந்துச்சு? எனக்கு வலி எடுக்கறப்ப நீ அங்க ஏதாவது கியூவுல நின்னுட்டு இருப்ப," என்று அழுதாள். வேறு மாடல் விமானம் ஒன்பது நாள் கழித்துத்தான், அதுவும் சென்னை சுற்றி. போய்ச் சேர்வது டாக்டர் சொன்ன தேதிக்கு மறுநாள். தெரியாமலா இருக்கிறது அவளுக்கு? பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பேப்பரைப் பார்த்த பிறகுதான் அவள் நிச்சயமே பண்ணினாள், ஏறுவதில்லை, குன்னூர் போகிறோம், டிக்கெட்டை மாற்றுகிறோம்.

ஏனென்றால் அந்தப் பேப்பர் அத்தனை அழகாக இருந்தது. கட்டம் கட்டமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே சாய்வில் டிக். மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி, மருதாம்பாளுக்கு அதைப் பார்த்ததும்தான் சந்தேகம். அவளுக்குத் தெரியும் அந்த அழகு எங்கிருந்து வருகிறதென்று, அவளே எத்தனை வருஷம் எழுதியிருக்கிறாள்… தேயிலைக்கு விலை இல்லாமல் போன வருஷங்கள், வெளியே பார்த்தாலே தெரிகிறது, பறிகூலிக்குக் கட்டாது என்று விட்ட செடிகள் ஆளுயரம் வளர்ந்து நிற்கின்றன, ஃபேக்டரியில் பத்துப் பேர் செய்த வேலையை நான்கு பேர் செய்தார்கள். தூளைக் காயவைக்கிற ட்ரையரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ரிட்டையர் ஆனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. டீ மேக்கர் எட்மண்ட், அவர்தான் ஃபேக்டரிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டைக் கொண்டுவந்து தூள் சலிக்கிற சலிப்பு அறையில் நின்றுகொண்டிருந்த அவள் கையில் கொடுத்தார். "மருதாம்பா, அரை மணிக்கு ஒருக்கா போய் ட்ரையர் சூட்டைப் பாத்து எழுதிருங்க." அரை மணிக்கு ஒருக்கா! சலிப்பு மெஷினை விட்டுவிட்டு அந்தக் கோடிக்கு ஓடி முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இங்கே தூள் வழிந்து கிடக்கும். ஒரு வாரம் ஓடினாள். இரண்டாவது வாரம் ஷிஃப்ட் தொடங்கும்போதே உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டாள். நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தெட்டு, நூற்று இருபத்தைந்து… ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே, கொஞ்சம் ஏற்றி கொஞ்சம் இறக்கி. நாலு வரி ஊதாப் பேனா, நாலு வரி கறுப்புப் பேனா. எட்மண்ட் பார்த்துவிட்டுச் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். எல்லா ஃபேக்டரியிலும் அப்படித்தான், அவள் ஒருத்தியா செய்தாள்? குற்றம் சொல்கிறவர்கள் வந்து எட்டு மணி நேரம் நின்று பார்க்கட்டும். அதனால்தான் சொல்கிறாள், விமானத்துக்கும் எங்கோ ஒரு ஷெட்டில் ஒரு ஆள் இருப்பான், அங்கேயும் ஆள் குறைத்திருப்பார்கள், அவன் கையிலும் இரண்டு பேனா இருக்கும்.

கைகாட்டி ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஏறியவர்களில் ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த சுஜாதா. மருதாம்பாள் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள், ஏன் திருப்ப வேண்டும், அவள் என்ன கடன்காரியா, திரும்பிய முகத்தை மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள் சுஜாதா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அக்கா! எத்தனை நாளாச்சு. எங்க, குன்னூருக்கா?" இடது கையால் காசெடுத்து இடது கையால் டிக்கெட் வாங்கினாள். வலது கை மடியில், நீல முந்தானைக்குள் பாதி மறைந்து, மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் மட்டும் பளபளவென்று… ஃபேக்டரி மூடியபிறகு குன்னூரில் ஒரு லாட்ஜில் தரை துடைக்கிறாளாம், "ஒரு கையிலயே ரெண்டு மாடி தொடைச்சிருவேன்கா," என்று சிரித்தாள், அதே சிரிப்பு, சலிப்பு அறையில் தூசிக்கு நடுவே பாட்டுப் பாடிக்கொண்டே சிரிப்பாளே, அது. பிரீத்தியைப் பற்றிக் கேட்டாள், மருதாம்பாள் சொன்னாள், டிக்கெட்டைச் சொன்னாள், விழுந்த இரண்டைச் சொன்னாள், மாற்றப் போவதையும் சொன்னாள். பேப்பரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சுஜாதா கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு அவள் முழங்கையைத் தட்டினாள். "அட போங்கக்கா. அத்தன பேரு உசுரு. செக் பண்ணாமயா விடுவாங்க?"

செக் பண்ணாமயா விடுவாங்க… இவளா சொல்கிறாள், இந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டா? மருதாம்பாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, ஏன்டி, இன்னுமா நம்புகிறாய், உனக்குக்கூடவா புத்தி வரவில்லை. நான்கு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ட்ரையருக்குள் தூள் அடைத்துக்கொண்டது, சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, யார் பார்த்தார்கள், முள் எங்கே நின்றதோ, பார்க்க வேண்டியவள் அந்தக் கோடியில் தூள் சலித்துக்கொண்டிருந்தாள். அடைப்பை எடுக்கச் சுஜாதா ட்ரையரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். குபீரென்று நெருப்பு. அந்தக் கத்தல். மணி மூன்றரை. மறுநாள் விசாரிக்க வந்த ஆள் நோட்டை வாங்கிப் புரட்டினார், விரலை வைத்து வரிவரியாக வந்தார், மூன்றரை மணிக்கு நூற்று இருபத்தேழு, சரியான சூடு, மெஷினில் ஒரு குறையும் இல்லை, கதவைத் திறந்த பெண்தான் கவனமில்லாமல் திறந்திருக்கிறாள் என்று முடித்துவிட்டார். கறுப்புப் பேனாவில் எழுதிய வரி அது. காலையில் எட்டு மணிக்கு எழுதியது. நெருப்பு வருவதற்கு ஏழரை மணி நேரம் முன்னாடியே அவள் எழுதிவிட்டாள் நெருப்பு வராது என்று… பக்கத்தில்தான் நின்றாள் மருதாம்பாள், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. சுஜாதாவுக்கு நஷ்டஈடு என்று ஒரு பைசா கிடைக்கவில்லை.

"எல்லாம் நம்ம கவனத்துல இருக்குக்கா," என்றாள் சுஜாதா, பஸ் சேலாஸ் ஊரைத் தாண்டியிருந்தது, மறைக்காமல் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள், "இதையே எடுத்துக்கங்களேன். மெஷினு சரியாத்தான இருந்துச்சு, நோட்டுல எல்லாம் இருந்துச்சுல்ல. நான்தான் கூறில்லாம தொறந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் திட்டுவாரு." நான்கு வருஷமாகவா? தினமுமா? மருதாம்பாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், சொல்லிவிடலாம், இரண்டு வார்த்தை, நோட்டு பொய் புள்ள… ஆனால் முன்சீட்டில் ஆள், பின்சீட்டில் ஆள், கண்டக்டர் விசில், வளைவு, இறக்கம், இவள் பாட்டுக்குப் பிரீத்திக்கு என்ன லேகியம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள், எல்லாம் ஒரு சாக்குதான், அவளுக்கே தெரிந்தது. சிறுத்தைக்குப் பயப்படாதவள்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். "வியாழக்கிழமையே போங்கக்கா, புள்ளைக்குப் பக்கத்துல இருங்க," என்று சொல்லிவிட்டு சுஜாதா கூட்டத்துக்குள் நடந்தாள், டிக்கெட் ஆபீஸ் எதிர்ப்பக்கம் மேட்டில். மருதாம்பாள் இரண்டு அடி மேட்டில் வைத்தாள். அந்த மாடலில் ஏறமாட்டாள், அதில் மாற்றமில்லை, யார் அழுதாலும் சரி. கவுண்டரில் கேட்க ஒரே ஒரு கேள்வியை இரண்டு நாளாகத் தயார்செய்து வைத்திருந்தாள், இந்தப் பேப்பரில் டிக் அடித்த ஆள் அந்த நேரத்தில் அந்த விமானத்துக்குப் பக்கத்தில் நின்றானா? கேட்டால் அந்தப் பெண் சும்மா இருப்பாளா, அதெப்படிம்மா உங்களுக்குத் தெரியும் என்பாள். சொல்வாள் மருதாம்பாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொல்வாள், எனக்குத் தெரியும் கண்ணு, நானே எழுதியிருக்கிறேன் என்று… அதை முதல் முதலாகக் கேட்க வேண்டியவள் அந்தக் கவுண்டர் பெண்தானா? கால் நின்றுவிட்டது. திரும்பினாள், தலைகளுக்கு நடுவே அந்த நீல முந்தானை இன்னும் தெரிந்தது.

"ஏ சுஜாதா! நில்லு புள்ள!"

சுஜாதா திரும்பிப் பார்த்தாள். அக்காவுக்கு வழி தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வலது கையைத் தூக்கி, ஒட்டிக்கிடந்த அந்த விரல்களாலேயே மேட்டைக் காட்டி, "அந்தப் பக்கம்கா, நேரா போங்க!" என்று கத்தினாள்.