வேடியப்பனின் வெள்ளைக்காரக் குதிரை

1

பதக்கங்களின் அரசியலைத் தமிழில் முதன்முதலாக அம்பலப்படுத்தப்போவது இந்தக் கதைதான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். கதை பிறந்த இடம், அடி அண்ணாமலையில் ஆதிலட்சுமி அத்தை வீட்டுச் சாமி அலமாரி. குதிரையும் ஈட்டியும் இருப்பதால் குலசாமி வேடியப்பன் என்று அவள் கும்பிடுவது, எந்தத் துரையோ கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்த முடிசூட்டு விழாப் பதக்கம்.

(ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஜார்ஜ் என்கிற கிறித்தவப் புனிதர். காலடியில் பாம்பு மாதிரி ஒரு பிராணி. ராஜாவை எதிர்ப்பவன் கடவுளுக்கும் எதிரி என்று பொருள். இதை எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது.)

2

அத்தை மகன் வேணு லாரி ஓட்டுகிறான். அவன் கிளம்பும்போதெல்லாம் அத்தை குதிரைக்காரருக்குக் குங்குமம் வைத்து, அதே விரலால் லாரிக் கண்ணாடியிலும் ஒரு பொட்டு வைப்பாள். இந்த மூட— [அடித்துவிட்டேன்.]

செவ்வாய்க்கிழமை, சரியாக அந்த நேரத்தில் போய் விளக்கினேன்.

"இன்னாடா, எங்க சாமிக்கு ஆதார் கார்டு கேக்கறியா?" வேணு சிரித்தான்.

"மச்சான், அந்தப் பாம்பு யாரு தெரியுமா? நாமதான். நம்மளத்தான் குத்தறாரு."

அத்தை சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா நம்மளக் குத்தறவனுக்கா பொட்டு வெச்சேன்?" விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். லாரி வெறும் கண்ணாடியோடு போனது.

(கைதட்டலுக்கு இங்கே இடம் விட்டிருந்தேன்.)

3

முதல் முடிவு: வேணு பத்திரமாகத் திரும்புகிறான், பகுத்தறிவு வெல்கிறது.

இரண்டாம் முடிவு: மலைப்பாதை, மழை, லாரி—

இல்லை, எழுதமாட்டேன். நேற்றிலிருந்து வேணுவின் போன் உண்மையாகவே அணைந்து கிடக்கிறது. அவன் லோடு ஏற்றிப்போன கேரளா பக்கம் நல்ல மழையாம். அத்தை தன் போனோடு வாசலில் நிற்கிறாள். அலமாரியைத் திறக்கவே இல்லை.

"பெரிய கோயில்ல வேண்டிக்கலாமே அத்தை?"

"அவரு ஊருக்கே சாமிடா. எம் புள்ளையத் தெரிஞ்ச சாமி இதுதான். இப்ப அதுங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேப்பேன்?"

[இதற்கு நான் சொன்ன பதில்: ]

4

மூன்றாம் முடிவை நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு எழுத்து நன்றாகக் கைவரும் என்றால், வேணு போனை எடுப்பதுபோல எழுதுங்கள். தர்க்கம் இடித்தாலும் பரவாயில்லை.

அத்தை வாசலில் நிற்கும்போதே நான் உள்ளே போய் வந்தேன். குதிரைக்காரருக்கு ஒரு பொட்டு. பாம்புக்கும் ஒன்று.

விசைப்பலகையில் அங்கங்கே சிவப்பாக இருக்கிறது. துடைத்துவிடுகிறேன்.