அம்மாவுக்கு நான் வைத்த பெயர்

என் அம்மாவின் பெயர் பாவாயி. இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது.

கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் எங்கள் ஊர். அம்மா வயதுப் பெண்களில் மூன்றில் ஒருத்திக்கு அந்தப் பெயர்தான். ரேஷன் கடையில் "பாவாயி" என்று கூப்பிட்டால் நாலு பேர் பையோடு முன்னால் வருவார்கள். அதனால் ஒவ்வொரு பாவாயிக்கும் ஓர் அடையாளம் இருந்தது. பலாமரத்துப் பாவாயி, நெட்டைப் பாவாயி, மொளகுக்காட்டுப் பாவாயி. எங்கள் வீடு ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்ததால் அம்மா ஊத்துப் பாவாயி.

என் பெயரை வைத்ததும் அம்மாதான். செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நான் பிறந்தபோது வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நர்சு இரண்டு மணி நேரம் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம். டாக்டர் அவரை "சுமித்ரா" என்று கூப்பிட்டது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அப்போதே முடிவு செய்துவிட்டாள். மாரியம்மாள் என்றுதான் வைக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொல்லியும் அவள் கேட்கவில்லை. என் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னும் பின்னும் படித்தவர்கள் பிரியா, சுகன்யா, கௌசல்யா, இன்னொரு சுமித்ரா. பாவாயி ஒருத்தி கூட இல்லை. எங்கள் அம்மாக்களோடு அந்தப் பெயர் நின்றுபோயிருந்தது. அப்போது அது யாருக்கும் ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

நர்சிங் படிக்க சேலம் போனேன். முதல் வருஷம், ஹாஸ்டல் சேர்ந்து இருபது நாள் இருக்கும். பலாச்சுளையும் வறுத்த நிலக்கடலையும் எடுத்துக்கொண்டு அம்மா என்னைப் பார்க்க வந்தாள். வாட்ச்மேன் நோட்டில் பேர் எழுதிக்கொண்டு, மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"பர்ஸ்ட் இயர் சுமித்ரா! உன்னப் பாக்க பாவாயி வந்திருக்கு!"

வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "யாரு, பாவாடையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் முதல் தப்பு. அதற்குப் பிறகு ஒரு மாதம், "சுமி, பாவாடை எப்ப வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த முறை அம்மா வந்தபோது கேட்டிலேயே நிறுத்தினேன்.

"இனிமே இங்க யாராவது பேரு கேட்டா பவானின்னு சொல்லும்மா."

"ஏங் கண்ணு, எம்பேருக்கு என்ன?"

"இங்க யாருக்கும் வாயில நுழையல."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "அது மலையக் காக்கறவ பேரு சாமி. அசுரனுங்க வந்தப்ப பாவை ஒருத்தி மலைமேல நின்னு சிரிச்சாளாமா. அந்தச் சிரிப்பிலயே செத்துப் போனானுங்களாமா. அவதான் நம்ம எட்டுக்கை அம்மன். அந்தப் பாவை பேருதான் எனக்கு. எங்கூட்ல அஞ்சு புள்ளைக பொறந்து செத்து, ஆறாவதா நான் தக்குனதுக்கு..."

எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அவள் முழுக்கச் சொல்லி முடித்தாளா என்று கூட எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த மாதம் வாட்ச்மேன், "பவானியம்மா வந்திருக்காங்க" என்று கத்தினார். நான் சந்தோஷமாகப் படியிறங்கினேன்.

படிப்பு முடிந்து நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே லேபில் வேலை பார்த்த மணிவண்ணனுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. அவர் வீட்டில் வந்து பேசி முடித்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றே, "எங்கம்மா பேரு பவானி" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா அப்போது வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க மலையடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சிக்குப் போனேன். அங்கே அப்பாஸ் அலி பாய் பிரஸ் வைத்திருந்தார். மலைக்காரர்கள் எல்லோருக்கும் அவரிடம்தான் பத்திரிகை. சந்தைக்கு மிளகு கொண்டுவரும் அம்மாவை அவருக்கு என் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் எழுதிக்கொடுத்த தாளைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சென்றாயன், பவானின்னு இருக்குதே. உங்கம்மா பாவாயிதானே கண்ணு?"

"என் சர்டிபிகேட்ல பவானின்னுதாங்க பாய் இருக்குது." பொய் எனக்குச் சுலபமாக வந்தது.

"அப்படியா." அவர் கண்ணாடியைத் துண்டில் துடைத்தார். "எங்கத்தா கடை வெச்சிருந்த காலத்துல சந்தையில நின்னு பாவாயின்னு கூப்பிட்டா மலைக்காரங்க பாதிப் பேரு திரும்பிப் பாப்பாங்க. இப்ப நானும் வருசத்துக்கு எத்தனையோ காதுகுத்துப் பத்திரிகை அடிக்கறேன். ஒண்ணுல கூட அந்தப் பேரு இல்ல. கருமாதிப் பத்திரிகையிலதான் வருது. உம்பட கல்யாணப் பத்திரிகையிலயாவது வரும்னு பாத்தேன்."

"இப்படியே அடிச்சிருங்க பாய்" என்றேன்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அம்மாவின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. "பாயி தப்பா அடிச்சுப்போட்டாரு" என்று கோபமாகக் கிளம்பி, அடுத்த பஸ்ஸில் பேளுக்குறிச்சிக்கே போய்விட்டார். நான் தடுக்கவில்லை. திரும்பி வந்த அப்பா, "எந்தப்புதானுங்க சென்றாயா, மன்னிச்சுக்குங்கன்னு பாயி சொல்லிப்போட்டாரு. நல்ல மனுசன். மறுபடி அடிச்சுத் தாரேங்கறாரு" என்றார்.

அப்பா நம்பிவிட்டார். அம்மா நம்பவில்லை. "எதுக்குங்க வீணா, இருக்கட்டும்" என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

அவளே மஞ்சள் தடவி வீடு வீடாகப் பத்திரிகை வைத்தாள். எங்கள் பூபதி சித்தப்பா வாங்கிப் படித்துவிட்டு, "ஏனுங்கண்ணி, எங்கண்ணன் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா? ஆருங்க இந்தப் பவானி?" என்று கேலி பண்ணினார்.

அம்மா சிரித்தாள். "அவளுக்குப் பேரு நான் வெச்சேன். எனக்கு அவ வெச்சிருக்கா. உடு பூபதி."

கூடப் போயிருந்த நான் செருப்பை மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று என் மாமியார் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து "பவானிம்மா" என்று கூப்பிட்டார். முதல் கூப்பாட்டிலேயே அம்மா திரும்பினாள். எனக்கு உயிர் வந்தது. அதற்காக அவள் பழகியிருந்தது பல நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டும்போது, "பின்னால நின்னு பவானின்னு கூப்பிடுங்க, நான் திரும்பறனான்னு பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அதுவரை அம்மாவைப் பேர் சொல்லியே கூப்பிட்டிராத அப்பா, வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒருநாள் அம்மா போன் பண்ணினாள்.

"நெஞ்சுல ஒரு கட்டியாட்டம் இருக்குது கண்ணு. வலி ஒண்ணுமில்ல."

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அதற்கென்று இருக்கும் டாக்டர் வாரத்தில் அன்று மட்டும், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வருவார். எனக்கு ஆபரேஷன் தியேட்டரில் டியூட்டி. "காப்பீட்டு அட்டையக் கவுண்டர்ல குடும்மா. பேரக் கூப்பிடுவாங்க. நான் நடுவுல இறங்கி வந்து பாக்கறேன்" என்றேன். நடுவில் இறங்க முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கேஸ்.

கீழே வந்தபோது மணி மூன்றரை. வரிசை வரிசையாக இருந்த நாற்காலிகளில் அம்மா ஒருத்திதான் இருந்தாள். மடியில் பை, கையில் துண்டுச்சீட்டு.

"டாக்டரப் பாத்தாச்சாம்மா?"

"இல்ல கண்ணு. இன்னும் கூப்பிடல."

எனக்குக் கோபம் வந்தது. கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் போனேன். அவள் பதறிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"இல்லீங்க சிஸ்டர், கூப்பிட்டேனே. பாவாயி, பாவாயின்னு நாலு தடவ கூப்பிட்டேன். யாரும் எந்திரிக்கல. டாக்டரும் கிளம்பிட்டாருங்க."

அம்மா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அது வேற ஆராச்சும் இருக்கும் சாமி. எம்பேரு பவானிங்க."

பக்கத்தில் மருந்துக் கவுண்டர் ஆட்கள் இருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு நர்சுகள் இருந்தார்கள். அம்மா அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். "இவங்க எங்கம்மா, பேரு பாவாயி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"டோக்கன மாத்திப் போட்டுட்டீங்களாட்டம் இருக்கு. பாத்துப் பண்ணுங்க" என்று அந்தப் பெண்ணைத்தான் அதட்டினேன். அவள் கண் கலங்கி, "சாரி சிஸ்டர்" என்றாள்.

அம்மாவை மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அடுத்த செவ்வாய் வருவதாகச் சொன்னாள். அந்த வாரம் மழையில் ரோட்டில் பாறை சரிந்து பத்து நாள் பஸ் ஓடவில்லை. பிறகு கேழ்வரகு அறுப்பு. பிறகு, "வலியே இல்ல கண்ணு, பாத்துக்கலாம்" என்றாள். நான் நர்சு. வலியில்லாத கட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா? வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் மறுபடி வந்தால் மறுபடி அந்தக் கவுண்டர், மறுபடி அந்தப் பேர். அவள் வராதது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு மாதம் கழித்து அப்பா அழைத்து வந்தபோது கட்டி எலுமிச்சை அளவு ஆகியிருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர். ஒரு பக்கம் முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை எல்லாம் மணிவண்ணன்தான் நிரப்பினார். எல்லாவற்றிலும் பாவாயி, கணவர் பெயர் சென்றாயன் என்று எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

"ஏங்க, அம்மா பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சுமி. கல்யாணத்தன்னிக்கே உங்க சித்தப்பா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எங்கம்மாவுக்கும் தெரியும்."

"அத்தைக்குமா? அப்பறம் ஏங்க ஒண்ணுமே கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தோம். நீ சொல்லல. உனக்குப் பிடிக்கலையாட்டம் இருக்குதுன்னு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்."

யாருக்காக நான் மறைத்தேனோ, அவர்கள் எனக்காக அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். மருந்தெல்லாம் முடிந்து இப்போது மலையில் இருக்கிறாள். இடது கை வீங்கிவிட்டது. தோளுக்கு மேல் தூக்க முடியாது. குடம் எடுக்க முடியாது, களைக்கொத்து பிடிக்க முடியாது. மரவள்ளிக் காட்டை அப்பா சித்தப்பாவிடம் உழவுக்கு விட்டுவிட்டார்.

போன மாதம் லீவு போட்டுவிட்டு நாலு நாள் போயிருந்தேன். வழியில் அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் பேரை எழுதி ஒட்டியிருந்தார்கள். யாழினி, தன்ஷிகா, ரித்திகா, மறுபடி ஒரு யாழினி. ஊரில் இப்போது மிச்சமிருப்பது இரண்டு பாவாயிகள். நெட்டைப் பாவாயிக்குக் காது கேட்பதில்லை.

காலையில் அம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். ஹாஸ்டல், பத்திரிகை, கவுண்டர் எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"பவானிங்கறதும் நல்ல பேருதான் கண்ணு. அதுல ஒண்ணும் குறையில்ல" என்றாள். "அன்னிக்கி ஆஸ்பத்திரியில நாலு தடவ கூப்பிட்டாங்க. நாலு தடவையும் எந்திரிக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. மூணாவது தடவ பாதி எந்திரிச்சேன். உங்கூட வேலை செய்யற புள்ள ஒண்ணு அந்தப் பக்கமா வந்துச்சு. உக்காந்துக்கிட்டேன்." வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அத மட்டும் மறக்க முடியல சாமி."

 

"தல அரிக்குது. வாரி உடறியா?" என்று கேட்டாள்.

சீப்பை எடுத்துவந்து அவள் பின்னால் உட்கார்ந்தேன். மருந்தில் கொட்டிய முடி மறுபடி விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது, முக்கால்வாசி வெள்ளையாக. சிக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் நான் வெகுநேரம் வாரிக்கொண்டிருந்தேன். அவளும் போதும் என்று சொல்லவில்லை.