காற்றுப் புள்ளி

"காத்து எங்கையிருந்து வருகுதெண்டு இந்தப் புள்ளியைப் பாத்துச் சொல்லும், பாப்பம்?"

கலியாணம் முடிந்த கிழமை பரமலிங்கம் பரிமளத்திடம் அப்படித்தான் கேட்டார். அவள் விழித்தாள். "உமக்கு உலை வைக்கத்தான் தெரியும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

கொழும்புக்குப் பக்கத்தில், இரத்மலானை விமானத்தளத்தில் சின்னப் பிளேன் ஓட்டப் பழகியவர் அவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு சரவணைக் கிராமத்துக்கு ஓடிவந்தபோது, மடியில் இருந்தது கையகல அலுமினியத் தட்டு ஒன்றுதான். வட்டத்தின்மேல் வட்டம் சுழலும். ஒரு பக்கம் தூரமும் நேரமும். மறுபக்கம் மங்கலான பிளாஸ்டிக். அன்றைய காற்றை அதில் பென்சிலால் புள்ளியாக வைத்துத் திருப்பினால், காற்று பிளேனை எவ்வளவு தள்ளும் என்று காட்டும். ஓட்டப் பிளேன் இல்லாவிட்டால் என்ன, விடியப் புள்ளி வைக்காமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

போன கிழமை அரசாங்கத்தின் சின்னப் பிளேன் ஒன்று, பக்கத்து ஊரான சுருவிலின் கரையைச் சுற்றிச் சுற்றிக் குண்டு போட்டது. வள்ளத்துக்குக் காத்து நின்ற, ஊர்ப்பெரியவர் கதிர்காமுவின் தம்பி அந்த இடத்திலேயே செத்தான். அன்றுமுதல் கிணற்றடியில் பரிமளத்துக்கு வாளி கொடுப்பாரில்லை. "பிளேனுக்கு வழி கீறிக் குடுக்கிறவன்ரை பெண்சாதி" என்று காதுபடச் சொன்னார்கள்.

இன்று கதிர்காமுவே ஆட்களோடு வந்தார். வேலிக்கு மேலே தலைகளைக் கண்டதும் பரிமளம் மேசையிலிருந்த தட்டை எடுத்து, எச்சில் தொட்டு, சீலைத்தலைப்பால் புள்ளியைத் துடைத்தாள்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உன்ரை மனுசன் அந்தச் சாமானைத் தொடுறவனோ? தொட்டால் நீங்கள் இஞ்சை இருக்கேலாது. பொழுதுபடமுதல் ஊரைவிட்டுப் போகவேணும்."

"பிள்ளையாராணை இல்லை அண்ணை. கொழும்பாலை வந்தபிறகு தொட்டதேயில்லை. இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ."

கதிர்காமு திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது.

அந்த நேரம் பார்த்துப் பரமலிங்கம் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து தட்டைப் பறித்தார்.

"ஆர் இதை அழிச்சது? விடியத்தானே வைச்சனான்! மடச்சி, உன்ரை வேலைதானே?"

அவர் பென்சிலை எடுத்துப் புள்ளியைத் திரும்ப வைத்தார்.

"சோளகக் காத்து, தென்மேற்காலை அடிக்குது. சுருவிலுக்கு வந்த பிளேன் இந்தக் காத்தோடை ஏழு நிமிசத்திலை திரும்பிப் போய் இறங்கியிருக்கும்."

"அப்ப வாறதும் தெரியும்?" என்றார் கதிர்காமு.

"அங்கை கிளம்பினால் இஞ்சை எப்ப நிக்குமெண்டு சொல்லுவன். இது கணக்கு, காணும்; காகம் கத்துற சாத்திரமில்லை!"

கதிர்காமு அவரைப் பார்க்கவில்லை. பரிமளத்தைப் பார்த்தார்.

"பிள்ளையாராணை எண்டாய், என்ன?" காலடியில் காறித் துப்பினார். "பொழுதுபடமுதல்."

"நில்லுங்கோ, மற்றப் பக்கத்தையும் காட்டிறன்" என்று பரமலிங்கம் வட்டத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

பரிமளம் குசினிக்குள் போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு சீலையைப் பையில் அடைத்தாள்.

"எங்கை வெளிக்கிடுறீர்? எனக்குச் சோறு?"

வேலிப் படலையைத் திறந்தபடியே விட்டு அவள் போனாள்.