பாதி அட்டை

ஆகஸ்ட் பிறந்தால் போதும், துகிரானுக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்துவிடும். மாட்டுக்கொழுப்பையும் லாரி எஞ்சினில் வடித்த கறுப்பு எண்ணெயையும் குழைத்துப் பாக்குமரத்தில் பூசுவார்களே, அந்த நாற்றம். நாற்றம் என்று மற்றவர்கள் சொல்லட்டும், அவருக்கு அது வாசனைதான். இப்போது வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, மூட்டு மடங்க மாட்டேன் என்கிறது. சுதந்திர தினத்து வழுக்குமரத்தைப் பார்க்க முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தருகிறார்கள். ஆனால் ஏறுகிற பயல்களில் ஒருத்தன்கூட அவரைத் துகிரான் என்று கூப்பிட மாட்டான். ‘ஹம்பிர் மாமா’தான். ஹம்பிர் என்றால் அவர்கள் பாஷையில் கொஞ்சத்தில் கோட்டை விட்டது என்று அர்த்தம்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட வருஷம் அவருக்குக் கல்யாணமான புதுசு. கரும்பு ஆலையில் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. மனைவி ருமியாத்தி டவுன் தையல்காரருக்குக் கையாலேயே பொத்தானும் விளிம்பும் தைத்துக் கொடுப்பாள். விரல் நுனியெல்லாம் புண். அந்த ஆகஸ்டில் மரத்து உச்சியில் வாளி, குடை, சட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டை தொங்கியது. ‘தையல் மெஷின்’ என்று எழுதியிருந்தது. மெஷினையா கட்டித் தொங்கவிட முடியும்? ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த நிஜ மெஷின் விழாக் கமிட்டி அறையில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. ருமியாத்தி முதல் நாளே போய் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருத்தன் தோளில் ஒருத்தனாக ஏற வேண்டும். அடியில் நிற்பவன் பெஜோ, எருமை மாதிரி உடம்பு. உச்சிக்குத் துகிரான், ஊரிலேயே லேசான ஆள். மற்ற கோஷ்டிகள் சறுக்கிச் சறுக்கி ஓய்ந்த பிறகு இவர்கள் ஏறினார்கள். ஏறினார்கள் என்ன, உச்சிக்கே போய்விட்டார்கள்! ஊரே கத்துகிறது. அட்டையைக் கண்டதும் துகிரானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு இரண்டு கையாலும் அட்டையைப் பிடித்தான். அப்புறம் என்ன? மொத்தக் கூட்டமும் சரசரவென்று இறங்கிப் பெஜோ மேல் குவிந்தது. பெஜோவின் தோள்பட்டை நழுவிவிட்டது. துகிரான் கையில் இருந்தது பாதி அட்டை. ‘மெஷின்’ கையில், ‘தையல்’ மரத்தில்.

கமிட்டிச் செயலாளர் பாக் சஸ்த்ரோ, அதாவது சஸ்த்ரோ ஐயா, மகா கஞ்சன். பழைய கவரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே மடித்துத் திரும்ப ஒட்டி அனுப்புகிற ஜென்மம். அவர் மைக்கில் சொன்னார்: “முழு அட்டை வந்தாத்தான் பரிசு. பாதி அட்டைக்குப் பாதி மெஷினா குடுக்கறது?” கூட்டம் சிரித்தது. “ஹம்பிர்!” என்று எவனோ கத்தினான். துகிரான் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினான். வெயில் அப்போது நன்றாகவே இருந்தது, ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

ருமியாத்தி அந்தப் பாதி அட்டையைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டி வைத்தாள்.

“அதைப் பிச்சு எறி.”

“ஏன் எறியணும்? பாதி மெஷின் வந்தாச்சு. மீதியை எப்பக் கொண்டு வர்றீங்க?”

அவன் எங்கே கொண்டு வந்தான்! லாரி முதலாளி டிரைவர் பரீட்சைக்குப் போகச் சொன்னார். போகவில்லை. “ஃபெயிலானா ஹம்பிர் டிரைவர்னு வேற சொல்லுவானுங்க” என்றான். அடுத்த ஆகஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்துவிட்டான். இவனில்லாமல் எந்தக் கோஷ்டியும் உச்சியைத் தொடவில்லை. சஸ்த்ரோ புது அட்டை எழுதுவாரா? கிழிந்த ‘தையலையே’ திரும்பவும் தொங்கவிட்டிருந்தார்.

அதற்கும் அடுத்த வருஷம், விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் பெஜோ வந்தான்.

“என்னடா, இந்த வருஷமும் முதுகா? இல்ல வேற எங்கயாவது வலிக்குதா?”

“உன் தோளை உடைச்சவன்டா நான். என்னை விட்டுடு.”

“தோள் என்னுது. நானே கோவிச்சுக்கல, உனக்கென்ன? அன்னிக்கு வைத்தியர் இழுத்துப் போட்டதும் நான் திரும்பி மரத்தடிக்கு வந்து உக்காந்திருந்தேன். கட்டுப் போட்ட தோளோட! நீதான் வரல. அந்தக் கோவம் இன்னும் இருக்கு, தெரிஞ்சுக்கோ.”

துகிரானுக்கு அது தெரியவே தெரியாது.

உள்ளேயிருந்து ருமியாத்தி சொன்னாள்: “அன்னிக்கு உங்க சட்டையைத் துவைச்சவ நான். சாம்பல் போட்டுத் தேய்ச்சும் கறுப்பு போகல. மரத்து எண்ணெயெல்லாம் உங்க சட்டைக்கு வந்துட்டா, மரத்துல என்னங்க மிச்சம் இருந்திருக்கும்?”

துகிரான் அவளையே பார்த்தான். விழுகிற ஒவ்வொருத்தனும் எண்ணெயை வழித்துக்கொண்டுதான் விழுகிறான். அன்றைக்கு மட்டும் எழுந்து நின்றிருந்தால், அந்த மரம் அவ்வளவு வழுக்கியிருக்காது. அட முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே சிரித்தும்விட்டான்.

மறுநாள் அவன் கோஷ்டி சறுக்குவதற்கென்றே ஏறியது. ஏறி, வயிற்றையும் தொடையையும் மரத்தில் தேய்த்துக்கொண்டு விழுந்தார்கள். திரும்ப ஏறினார்கள்.

“ஹம்பிர்! இந்த வருஷமும் ஹம்பிரா?”

“இன்னும் நெறைய இருக்குடா, உக்காந்து பாரு!” என்று வாயில் சேற்றோடு கத்தினான் துகிரான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாலைத் தொழுகை அழைப்பு வந்தால் ஆட்டம் முடிந்தது. பொழுது சாயும்போது எண்ணெய் போய் மரத்தில் நார் தெரிய ஆரம்பித்தது. கடைசியாக ஏறினார்கள். துகிரான் உச்சிக்கு வந்துவிட்டான். பயம் எங்கேயும் போகவில்லை, கூடவே ஏறி வந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை ஒரு கை மரத்தை விடவில்லை. மற்றக் கையால் அந்தக் கிழிந்த அட்டையைப் பறித்தான்.

சஸ்த்ரோ கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “இதுல ‘தையல்’னு மட்டும்தானே இருக்கு? முழு அட்டைன்னு நான் அன்னிக்கே சொல்லிட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“யோவ், கிழிஞ்சதைத் தொங்கவிட்டதே நீதானய்யா!” பெஜோ பாய்ந்தான். கூட்டம் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. துகிரான் ருமியாத்தியைத் தேடினான். அவளைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை இடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். கையில் ‘மெஷின்’. பின்பக்கம் சுவர்ச் சுண்ணாம்பு அப்படியே பெயர்ந்து வந்திருந்தது. இரண்டு துண்டையும் மேஜையில் சேர்த்து வைத்தாள். கிழிசல் கிழிசலோடு பொருந்தியது.

“பாக் சஸ்த்ரோ, இப்பப் படிங்க.”

சஸ்த்ரோ குனிந்து, நிமிர்ந்து, திரும்பவும் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து போய், மெஷின் மேலிருந்த துணியை அவரே எடுத்தார்.

டிரைவர் பரீட்சையில் துகிரான் இரண்டு தடவை ஃபெயிலாகி மூன்றாவது தடவை தேறியது பிற்பாடு. ருமியாத்தியின் மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. வீட்டுச் சுவரில் மட்டும் அந்த அட்டை இருந்த இடம் பெயர்ந்தே கிடக்கிறது. வெள்ளையடிக்க யார் வந்தாலும் ருமியாத்தி அந்த இடத்தைத் தொடவிடமாட்டாள்.