சிவப்பு டேப் சுற்றிய டம்ளர்

“கையை இறுக்கி மூடுங்கம்மா” என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்.

தையல்காரியின் கை ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. டாக்டரம்மாவின் அறையிலிருந்து இறங்கி வரும்போதே மூடிய கை. அந்தப் பெண் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடி, ஊசியை ஏற்றினாள். சுருக்கென்றது. இரண்டு மாடிக்கு மேலே புருஷனின் உடலை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூச்சு நின்று ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டிய நேரத்தில் இவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரிசல்ட் எப்ப வரும்?”

“ரெண்டு மணிக்கு டாக்டரம்மாகிட்ட போயிடும். நீங்க நேரா அங்கயே வந்துடுங்க. உங்களுக்கு என்ன பண்ணுதும்மா?”

“எனக்கு ஒண்ணும் பண்ணல. எனக்குப் பண்ணிட்டாங்க.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

டாக்டரம்மா மேல் தப்பில்லை. இவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினார். “மாத்திரையைப் பாதியில நிறுத்தாம இருந்திருந்தா இன்னும் எத்தனையோ வருஷம் நல்லா இருந்திருப்பார்” என்றார். எந்த மாத்திரை என்று இவள் கேட்டாள். டாக்டரம்மா பைலைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார்.

“மூணு வருஷமா இவருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. கல்லீரலைக் கெடுக்கிற கிருமி. உங்களைக் கூட்டிட்டு வரச்சொல்லி நாலு தடவை எழுதியிருக்கேன். சொல்லலையா?”

“வெறும் காமாலைன்னாரு. போன மாசம் வேலைக்குப் போன இடத்துல தண்ணி சரியில்லன்னாரு.”

“தண்ணியில வர்றது வேற. இது ரத்தத்துல பரவும். புருஷன் பொண்டாட்டி சேர்றதுல பரவும். உங்க பொண்ணுக்குப் பிறந்தப்பவே ஊசி போட்டிருப்பாங்க, அவளையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. நீங்க இன்னைக்கே பார்த்துடுங்க.”

“தட்டு, டம்ளர்?”

“தட்டுல டம்ளர்லயெல்லாம் பரவாதும்மா.”

அந்த இடத்தில்தான் கை மூடிக்கொண்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், லிப்ட் மாட்டும் வேலைக்காக ஆறு மாதம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர், வந்த கொஞ்ச நாளில் தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் பிரித்து எடுத்துக்கொண்டார். டம்ளரின் கழுத்தில், ஒயருக்குச் சுற்றும் சிவப்பு டேப்பை ஒரு சுற்று சுற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே பத்துப் பேரோடு தங்கி இப்படியே பழகிவிட்டது, பொது டம்ளரில் இனி தொண்டைக்குள் இறங்காது என்றார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். மகள் தெரியாமல் அந்த டம்ளரில் தண்ணீர் குடித்த அன்று, அதைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். அடிப்பக்கம் இன்னும் நசுங்கியிருக்கிறது. படுக்கையில் மட்டும் தலையணையைத் தள்ளிப் போடத் தோன்றவில்லை.

டம்ளரைப் பிரித்துவிட்டுப் படுக்கையைப் பிரிக்காத ஆளை என்னவென்று சொல்வது? முட்டாள் என்பதா, அயோக்கியன் என்பதா? பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மனசுக்குள் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்தது.

ஆம்புலன்ஸ் பக்கத்தில் கொழுந்தன் நின்றிருந்தான். அண்ணனோடு அதே வெளியூர் வேலைக்குப் போய், ஒரே அறையில் தங்கி வந்தவன். அவள் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

“உனக்குத் தெரியும்தானே?”

“அண்ணி, வண்டி ரெடியா இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“வீட்டுல உங்கம்மா இருப்பாங்க, என் பொண்ணு இருப்பா. இங்கயே சொல்லு.”

“ஒரே ஒரு தடவைதான் அண்ணி. லாட்ஜ்ல, யாரோ ஒருத்தி. அன்னைக்குக் குடிச்சிருந்தான். திரும்பி வந்ததுக்கப்புறம் ரத்தம் குடுக்கப் போனப்பதான் கண்டுபிடிச்சாங்க. உங்ககிட்ட சொன்னா செத்துடுவேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்.”

“சொல்லாமலே செத்துட்டாரே. நீ டெஸ்ட் எடுத்தியா?”

“எடுத்தேன். எனக்கு ஒண்ணுமில்ல. ஆனாலும் அண்ணன் விடல. அவனே கூட்டிட்டுப் போய் ஊசி போடவச்சான். மூணு ஊசி.”

“உனக்கு மூணு ஊசி. எனக்கு டம்ளர்.”

“உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னா காரணம் சொல்லணுமே அண்ணி...”

அறைந்தாள். பஞ்சு வைத்திருந்த கை. முழங்கையில் ரத்தம் மறுபடி கசிந்தது. வண்டி டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கொழுந்தன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. வாங்கியது போதாது என்பதுபோல நின்றான். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி, பாதி தைத்த பள்ளிச் சீருடைகளை அதன்மேல் குவித்து, நடுக்கூடத்தில் புருஷனைக் கிடத்தினார்கள். பதினாலு வயது மகள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடல் வந்ததிலிருந்து மாமியாருக்கு அழுகையும் ஏச்சுமாக ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தது.

“தட்டைத் தனியா வச்சா, டம்ளரைத் தனியா வச்சா! கட்டின புருஷனை வாடகைக்கு வந்தவனாட்டம் வச்சிருந்தா! அந்த ஏக்கத்துலயே என் பிள்ளை கரைஞ்சு போயிட்டான்!”

புதுப் பேச்சில்லை. மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்கள் வாயில் மெல்லப்பட்ட அவல் இதுதான். நான் வைக்கவில்லை, அவர்தான் வைத்துக்கொண்டார் என்று இவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. நம்பவைக்க வேண்டியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “அம்மா, அது நான் செஞ்சது” என்று சொல்லியிருந்தால் நாக்கு அறுந்தா போயிருக்கும்?

எதிர்வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அப்படிச் சொல்லாதீங்கம்மா. அவரு இவமேல உசிரையே வச்சிருந்தாரு. தினம் காலையில வாசல்ல நிக்கவச்சு இவ கண்ணைப் பார்த்துட்டுத்தான் வேலைக்கே கிளம்புவாரு. என் வீட்டுக்காரருக்கு எனக்கு எத்தனை கண்ணுன்னே தெரியாது.”

இரண்டொருவர் அழுகையினூடே சிரித்தார்கள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அது நிஜம். “கண்ணைக் காட்டு” என்பான். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்ப்பான். தெருவே பார்க்கிறது என்று இவள் நெளிவாள். காலையிலிருந்து அவனைத் திட்டித் தீர்த்த மனசு, இந்த ஒன்றை மட்டும் தொடாமல் வைத்திருந்தது.

ஒன்றரை மணிக்கு எழுந்து செருப்பைப் போட்டாள்.

“பொணத்தைப் போட்டுட்டு எங்கடி கிளம்பிட்ட?” என்றார் மாமியார்.

“ஆஸ்பத்திரிக்கு.”

“செத்தவனுக்கு இனி என்ன ஆஸ்பத்திரி?”

“செத்தவருக்கில்ல அத்தை.”

பின்னால் எழுந்த முணுமுணுப்பை அவள் கேட்க நிற்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் திரும்ப வேண்டும். தனக்கும் அது இருந்தால்? தனக்கும் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆளைத் தெரியாமல் உளறி, இருபது நாளில் முடிந்துவிட்டால்? மகள் யார் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்? செய்தவன் நிம்மதியாகப் படுத்திருக்கிறான், செய்யாதவள் பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு போகிறாள். சண்டை போடவாவது ஆள் உயிரோடு இருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“கிருமி இல்ல” என்றார். “உங்களுக்கு வந்திருக்கு. வந்து, போயிடுச்சு. பெரியவங்க நிறையப் பேருக்கு உடம்பே சண்டை போட்டு விரட்டிடும். இப்ப எதிர்ப்புச் சக்தி இருக்கு, பயப்பட வேண்டாம்.”

அவளுக்கு மூச்சு வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப வந்தது?”

“காகிதத்துல தெரியாது. நடுவுல எப்பவாவது காய்ச்சல், வாந்தி, ரொம்ப அசதின்னு படுத்தீங்களா?”

படுத்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சீருடை தைக்கும் நெருக்கடி முடிந்த கையோடு. மிஷினில் மாடாக உழைத்த அசதி என்று நினைத்தாள். பத்து நாள் வேலைக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே இருந்தான். கஞ்சி வைத்துக் கொடுத்தான். தலையைப் பிடித்துவிட்டான்.

“கண்ணு மஞ்சளா இருந்துச்சா?”

“எனக்குத் தெரியல. அவர்தான் தினம்...”

அவள் நிறுத்திவிட்டாள்.

வெளியே யாரோ அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

“தினம் பார்ப்பாரு” என்றாள் தையல்காரி.

வீடு திரும்பியபோது நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. தூக்குகிற ஆட்கள் வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்கள். வழிவிட்டார்கள். “முகத்தைப் பார்த்துக்கம்மா” என்றார் ஒருவர். குனிந்து பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. பத்து நாளும் இந்தக் கண்கள் அவள் கண்ணுக்குள் பார்த்தன. மஞ்சளைப் பார்த்தும், வாயைத் திறக்காமல் கஞ்சி ஊட்டினான். அவனை உலுக்கி எழுப்ப வேண்டும்போல் இருந்தது. எதற்கு என்று கேட்டால், அடிப்பதற்கு என்றுதான் சொல்லியிருப்பாள்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா வீட்டுக்கு?” மாமியார் மறுபடி ஆரம்பித்தார். “டம்ளரைத் தனியா வச்ச மகராசி...”

“அந்த டம்ளருக்கு டேப் சுத்தினது உங்க பிள்ளை” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கூடம் அடங்கிவிட்டது. “ஏன் சுத்தினாருன்னு உங்க சின்ன மகனைக் கேளுங்க. என் பொண்ணு இல்லாதப்ப கேளுங்க.”

கொழுந்தன் அம்மாவைப் பார்க்காமல் அண்ணனின் கால்மாட்டுக்குப் போய் நின்றான். மாமியார் ஏதோ கேட்க வாயெடுத்து, சின்னவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தார்.

தூக்கினார்கள். மகள் கத்தினாள். தையல்காரி அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் தெருமுனை திரும்பும்வரை விடவில்லை.

பிறகு உள்ளே போனார்கள். மகளுக்கு அழுது அழுது விக்கல் எடுத்தது. குடத்தருகே அந்த ஒரு டம்ளர்தான் கவிழ்த்து வைத்திருந்தது, மற்றதெல்லாம் வந்தவர்களுக்குப் போயிருந்தது. மகள் அதை எடுக்கப் போய், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அது அப்பாவோடது.”

“எடு” என்றாள் தையல்காரி. “குடி.”

மகள் குடித்தாள். மிச்சத்தை இவள் குடித்தாள். பிறகு மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்து, டேப்பின் நுனியை நெம்பிப் பிரித்தாள். மூன்று வருஷத்துப் பசை எளிதில் விடவில்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தங்கிவிட்டது. தேங்காய் நாரையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு வந்து, கீழே உட்கார்ந்து, தேய்க்க ஆரம்பித்தாள்.