வேதக்காரன் வீட்டு வைக்கோல்

கிறிஸ்துமஸ் என்றால் மற்றவர்களுக்குக் கேக் ஞாபகம் வரும், புதுத்துணி ஞாபகம் வரும். யுவராணிக்கு வாயில் ரத்தம் கரிக்கும். ஐந்தாறு வருஷம் ஓடிப்போய்விட்டது. இன்றைக்கும் மரக்காணம் கடைத்தெருவில் காகித ஸ்டார் தொங்கவிட ஆரம்பித்தால் போதும், அவள் நாக்கு தானாகப் போய் அந்த இல்லாத பல்லைத் தேடும்.

அப்போதெல்லாம் கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் மொத்தமும் அக்கா சூர்யகலா வீட்டில்தான் கூடும். அக்கா காதலித்துக் கட்டிக்கொண்ட சவரிராஜ் உப்பளத்தில் மேஸ்திரி, வேதக்காரன். “வேதக்காரன் வீட்டு வாசப்படி மிதிச்சா என் காலை வெட்டிக்கிறேன்” என்று சபதம் போட்டவர் அப்பா தேசப்பன். அனுமந்தைக் குப்பத்துப் பஞ்சாயத்தார்களில் ஒருவர், சொன்ன சொல் மாறாத மனுஷன் என்று ஊருக்குள் பெயர். பிரியாணியோடு பிராந்தியும் உண்டு என்று கேள்விப்பட்ட வருஷமே இரண்டு காலோடும் வந்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, வெட்டிக்கொள்ளவில்லை.

யுவராணிக்கு மாப்பிள்ளை பார்த்தவரும் அவரேதான். பக்கத்துக் குப்பத்துப் பிரபாகரன், சொந்த ஃபைபர் போட், பார்க்க ராஜா மாதிரி இருப்பான். குடித்தால் அடிப்பான். குடிக்காவிட்டால், குடிக்கக் கிடைக்கவில்லையே என்று அடிப்பான். அவள் எத்தனை தடவை பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தாளோ, அத்தனை தடவையும் அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் திரும்ப விட்டார். “வாழப்போனவ வாழாம வந்து நின்னா நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கினு பஞ்சாயத்துல உட்காருவேன்?” அம்மா முத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொறுத்துக்கடி. நான் பொறுக்கல?” என்பாள். அவள் பொறுத்ததற்குச் சாட்சி அவளுடைய இடது காது. தேசப்பன் விட்ட அறையில் அது செவிடாகிப் பல காலம் ஆகிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வரும்போது யுவராணிக்கு நாலு மாசம். ஒரே ஒரு முடிவோடு வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, அப்பா வெற்றிலை போடும் நேரம் பார்த்து, “இந்தப் புள்ள பொறக்கறவரைக்குமாவது என்னை அங்க அனுப்பாதப்பா” என்று காலில் விழுவது. அதற்குள் எல்லாம் கெட்டது. கெடுத்தது உப்பு.

பிரியாணியில் உப்புக் கம்மி. பின்வாசலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம் இருக்கிற வீட்டில் உப்புக் கம்மி. மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்பது வேறு விஷயம். பிரபாகரன் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “இன்னாத்துக்கு மேஸ்திரி உத்தியோகம், சோத்துக்கு உப்புப் போடத் துப்பு இல்ல.”

அக்கா சும்மா இருக்கிற ஆளில்லை. “பின்னாடிதான் அளம் கெடக்குது. போய் நக்கிட்டு வந்து சாப்புடுங்க தம்பி.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்தான் சிரித்தார். ஆனால் பிரபாகரனுக்குக் கேட்டது யுவராணியின் சிரிப்பு மட்டும்.

எச்சில் கையாலேயே அறைந்தான். பிரியாணிப் பருக்கை அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்கப் போனவளின் கொண்டையைப் பிடித்து நிலைப்படியில் மோதினான். அப்போதுதான் அந்தப் பல் போனது. கீழே விழுந்தவளை உதைத்தான். முதல் உதை இடுப்பில் விழுந்தது. அடுத்தது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும், வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டாள். விரல்கள் நசுங்கின. “புள்ளத்தாச்சிடா பாவி” என்று அம்மா அலறினாள். சவரிராஜ் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தான். பிரபாகரன் பிராந்திப் பாட்டிலை எடுத்து அவன் மண்டையில் போட்டான். பாட்டில் உடையவில்லை, மண்டைதான் உடைந்தது. புதுச்சட்டை முழுக்க ரத்தம்.

இவ்வளவு நடக்கிறது, தேசப்பன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “புருஷன் பொண்டாட்டி சண்டை. நடுவுல எவனும் பூராதீங்க” என்றார். யுவராணிக்கு உடம்பு வலித்ததைவிட அது வலித்தது. அவள் விழலாம் என்று நினைத்து வந்த கால் அவருடையது.

மூலையில் சவரிராஜ் கட்டியிருந்த குடில் இருந்தது. மாதா, சூசையப்பர், ஆட்டுக்குட்டி, அடியில் பரப்பிய வைக்கோல். பிரபாகரன் அதையும் ஓர் உதை உதைத்தான். குழந்தை இயேசு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனார். சிதறிய வைக்கோலில் ஒரு துரும்பை எடுத்து, யுவராணியின் முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டாகக் கிள்ளி அவள்மேல் போட்டான்.

“இந்தா, துரும்பு கிள்ளியாச்சு. இனிமே நீ யாரோ, நான் யாரோ. எங்கனா போய்ச் சாவு.”

அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டாள். கடலோரக் குப்பங்களில் துரும்பு கிள்ளுவது என்றால் விளையாட்டில்லை. சேர்ந்து வாழ முடியாது என்று ஆகிவிட்டால், பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போடவேண்டும். கோர்ட்டு கிடையாது, வக்கீல் கிடையாது. துரும்பு தரையில் விழுந்தால் தீர்ந்தது உறவு. பெண்பிள்ளை கிள்ளக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எவளும் கிள்ளியதில்லை, அவ்வளவுதான். அப்பா முன்னால் விழுந்த துரும்புகளைக் கூட்டினால் ஒரு கூரை வேயலாம்.

பிரபாகரன் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அளத்து வரப்பில் சாய்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு நர்ஸ் வைஜெயந்தி வந்து சவரிராஜ் தலைக்குக் கட்டுப் போட்டாள். யுவராணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டும் வந்தாள். “புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னொரு உதை தாங்காது” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். தேசப்பன் காதிலும்தான் விழுந்தது.

பொழுது சாயும் நேரம் பிரபாகரன் எழுந்து வந்தான். முகம் கழுவி, தலை வாரி, ஒன்றுமே நடக்காத மாதிரி வாசலில் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தான். “கிளம்புடி, நேரமாவுது.”

யுவராணி அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். வீங்கிய வாயால், “நீதான் துரும்பு கிள்ளிட்டல்ல” என்றாள்.

அவன் சிரித்தான். “அது சும்மா விளையாட்டுக்குடி.” அவள் நகராததைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். உள்ளே வந்து சமையல்கட்டிலிருந்து கறிவெட்டுகிற கத்தியைத் தூக்கினான். “வர்றியா, இல்ல இங்கயே அறுத்துப் போட்டுட்டுப் போவட்டுமா?” அக்கா கதவோரம் சாத்தியிருந்த உப்பு வாரும் பலகையை எடுத்தாள். நீளக் கழி, முனையில் கனத்த மரப்பலகை. யோசிக்கவேயில்லை, வீசினாள். அவன் முழங்கால் ‘டக்’ என்றது. கத்தி எகிறிப் போய் விழுந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் பேசினான். வாசலில் தெருவே கூடிவிட்டது.

“அப்பா,” என்றாள் யுவராணி, “அவன் கிள்ளினத நீ பார்த்தல்ல. நீயே சொல்லு.”

தேசப்பன் தொண்டையைக் கனைத்தார். தெருவைப் பார்த்தார். “குடிவெறியில கிள்ளினது எப்படிச் செல்லும்? அதுவும் வேதக்காரன் வீட்டு வைக்கோல். செல்லாது. மாப்ளையோட கிளம்பு.”

“நம்ம குப்பத்துத் தேவநாதனும் குடிச்சுட்டுத்தான் பொண்டாட்டிக்குத் துரும்பு கிள்ளினான்” என்றாள் அவள். “மறுநாள் அழுதுக்கினு வந்தான். கிள்ளினது கிள்ளினதுதான்னு நீதான தீர்ப்பு சொன்ன?”

“அது ஊரு. இது வீடு. வாய மூடிக்கினு வண்டியில ஏறு.”

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள் யுவராணி. இனி தன் உயிரும் வயிற்றில் இருப்பதும் அந்த வண்டியின் பின்சீட்டில் என்று ஆகிவிட்டது. அக்காவின் தோளைப் பிடித்திருந்த கை நழுவியது.

அப்போது அம்மா எழுந்தாள். அதுவரைக்கும் சிதறிய வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தவள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஒரு துரும்பை எடுத்தாள். நேராகத் தேசப்பனுக்கு முன்னால் போய் நின்று, எல்லாரும் பார்க்க இரண்டாகக் கிள்ளி அவர் காலடியில் போட்டாள்.

“நான் குடிக்கல” என்றாள் முத்தம்மாள். “தெளிவாத்தான் இருக்கிறேன். அதே வைக்கோலு. இதுக்கும் தீர்ப்பு சொல்லு.”

தேசப்பன் அடிக்கக் கை ஓங்கினார். அம்மா செவிட்டுக் காது இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

“நான் தெளிவா இருந்து கிள்ளினதும் செல்லாதுன்னு சொல்லு” என்றாள். “இந்தத் தெருவே கேக்கட்டும். அப்புறம் நம்ம குப்பத்துல எவன் துரும்பும் எவன் முன்னாடியும் செல்லாது. நீ பஞ்சாயத்துல போய் உட்காரவே தேவையில்ல.”

மனுஷன் வியர்த்துவிட்டார். பெண்ணைவிட, பெண்டாட்டியைவிட, அந்தப் பஞ்சாயத்து நாற்காலி பெரிது அவருக்கு. அதுதான் அன்றைக்கு யுவராணியைக் காப்பாற்றியது. பாசம் கீசம் என்று யாரும் தப்பாக நினைக்கவேண்டாம். அவளே அப்படி நினைத்ததில்லை.

“துரும்பு விழுந்தா விழுந்ததுதான்” என்றார் தேசப்பன், யாரையும் பார்க்காமல். “பிரபாகரா, அவ உனக்கு யாரோ. கிளம்பு.”

பிரபாகரன் கீழே கிடந்த கத்தியைப் பார்த்து நொண்டினான். “யோவ் கெழவா, உன்ன முதல்ல...” அதற்குள் அப்பா அறைந்தார். பலபேரை அறைந்த கை அது. முதல் தடவையாக அறையவேண்டிய கன்னத்தில் விழுந்தது. அவன் வாசல்படியில் மல்லாந்தான். சவரிராஜும் தெரு ஆட்களும் அவனைத் தூக்கி, வண்டியோடு ரோட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தால் காலை ஒடிப்போம் என்று சொல்லியே அனுப்பினார்கள். ஒரு கால் ஏற்கெனவே பாதி ஒடிந்திருந்ததால் அவனுக்குச் சட்டென்று புரிந்தது.

யுவராணி தரையில் உட்கார்ந்து அழுதாள். வலியில் அழுகிறாளா சந்தோஷத்தில் அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

தேசப்பன் கையைத் துண்டில் துடைத்தார். பெரிய காரியம் முடித்தவர்போலச் செருப்பை மாட்டினார். “சரி, முத்தம்மா. எல்லாம் முடிஞ்சுதுல்ல. வா, பஸ்ஸு வந்துரும்.”

அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“எங்க?” என்றாள்.

“எங்கன்னா? வீட்டுக்கு.”

“துரும்பு விழுந்தா விழுந்ததுதான்னு இப்பத்தான சொன்ன” என்றாள் முத்தம்மாள். “ரெண்டு விழுந்துது.”

அவர் சிரித்துப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். கடைசியில் “அடியே, என்னாடி இது” என்று குரல் இறங்கிக் கேட்டும் பார்த்தார். அம்மா செவிட்டுக் காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டு, ஆறிப்போன பிரியாணியை ஒரு தட்டில் போட்டு யுவராணிக்கு ஊட்ட ஆரம்பித்தாள். ரோட்டில் அனுமந்தை போகிற பஸ் வந்து நின்றது. தேசப்பன் மட்டும் ஏறினார்.