அந்தரத்தில் நின்ற கைகள்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த குழாய்க்காரர் கதவருகிலேயே நின்றுவிட்டார். ஜன்னல் வெயிலில் அக்காவின் கைகள் மீன்குஞ்சுகள் போல நீந்திக்கொண்டிருந்தன. பிறவியிலேயே காது கேளாத அவளுக்குக் கைதான் வாய். கணினித் திரையில், வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகள். அவளும் அம்மாவைப் போலத்தான். பக்கத்தில் வெட்கத்தோடு ஓர் இளைஞன்.

இணைய நிறுவனத்தில், குழாயைத் திருகுவதுபோல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற உத்தியோகம் அவருக்கு. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். வேகத்துக்கென்று நிறுவனத்துக்குத் தனியாகக் கப்பம் கட்டாத இணையதளங்களையெல்லாம் அன்று காலைதான் மெதுவான பாதைக்குத் தள்ளியிருந்தார். முதலாளி தட்டிக்கொடுத்ததில் உச்சி குளிர்ந்திருந்தது.

"இவரைத்தான் கட்டிக்கப்போறேன். உனக்குச் சம்மதமாம்மா?" என்றன மகளின் விரல்கள்.

அக்கா பூரித்துப்போய்க் கைகளை உயர்த்திச் சம்மதம் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். மகளோ கண் கலங்கினாள். "ஏம்மா பதிலே சொல்லமாட்டேங்கிற?" என்று விட்டுவிட்டுக் கேட்டது படம். பிறகு அவளும் ஈரக் கண்களோடு அப்படியே உறைந்துபோனாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது காது கேளாதவர்கள் சேர்ந்து நடத்தும் சின்னத் தளத்தில்; காலையில் அவர் தள்ளியவற்றில் அதுவும் ஒன்று. குரல் என்றால் படம் நின்றாலும் பேச்சாவது போய்ச் சேரும்; கை நின்றால் எல்லாமே நின்றுவிடும். அந்தக் கைகளைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இது காலையில் உறைக்கவில்லை.

"எழுதி அனுப்பலாமாக்கா?" என்று கையசைத்தார்.

"கல்யாணத்துக்குச் சம்மதத்தை யாராவது எழுதியா சொல்லுவாங்க? அவ என் மூஞ்சியைப் பாக்கணும்டா."

முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"உங்க அக்காவுக்காகத்தானே? அதை மட்டும் திறந்து விட்டுக்கோங்க."

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி தானேதான் என்று வெட்கப்பட்டார்.

"இல்ல சார், எல்லாத்தையும் திறக்கிறேன். இங்க அக்கா நிக்கிறா, தெரிஞ்சுது. மத்த வீட்டுல யார் நிக்கிறாங்களோ?"

"வேலை போயிடும், பாத்துக்கோங்க!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மடிக்கணினியில் காலையில் போட்ட பூட்டையெல்லாம் எடுத்தார். திரை கனவிலிருந்து விழித்ததுபோல் அசைந்தது. அக்கா மூன்றாம் முறையாகச் சம்மதம் சொன்னாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"சார், குழாய் நம்மளோடதா இருக்கலாம். அதுல போற பேச்சு நம்மளோடது இல்ல. யார் பேச்சு முன்னால போகணும்னு தீர்மானிக்க நாம யாரு?"